வெள்ளையன் வாத்தியார் வீட்டுத் தண்ணீர்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகப் போகிறது என்று அறிவிப்பு வந்த வருஷம் அது. அந்தச் சேதியைக் கேட்டே கச்சிராயபாளையம் சாலையோரத்துக் கொல்லைகளெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தன. மலையருவி கார்டன் அதற்குச் சில வருஷம் முன்னாலேயே வந்துவிட்ட குடியிருப்பு. பெயர் வைத்தவருக்கு ஆசை கொஞ்சம் அதிகம். அருவி கல்வராயன் மலைக்குள்ளே எங்கோ இருந்தது. இங்கிருந்து பார்த்தால் மேற்கே மலை மட்டும் மங்கலாகத் தெரியும். கார்டன் என்று சொல்லிக்கொள்ள நடுவில் ஒரு பூங்கா, பூங்காவுக்குள் மெத்தை விரித்த மாதிரி ஒரு புல்தரை. அதைச் சுற்றி ஒரு நாற்பது வீடு. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு போர்வெல், ஒரு டேங்க்.

அந்தக் கோடையில் போர் கையை விரித்துவிட்டது. மோட்டார் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் ஏறும், அப்புறம் காற்று வாங்கிக்கொண்டு வெறுமனே உறுமும். காலைச் சமையல் முடிவதற்குள் டேங்க் காலி. சோப்பு போட்ட முகத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிற நிலைமை வந்ததும் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி கூட்டம் போட்டார். அவருக்கு சங்கராபுரத்தில் அரிசி ஆலை. புல்தரையை ஆசை ஆசையாக வளர்த்ததும் அவர்தான். சாயங்காலமானால் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடப்பார்.

கூட்டமும் புல்தரையின் மேலேயே நாற்காலி போட்டு நடந்தது. இன்னொரு போர் போடலாம் என்றார் ஒருவர். லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிடலாம் என்றார் இன்னொருவர். பேசிப் பேசி எல்லோருக்கும் அலுத்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"எம்மாம் ஆழம் போட்டாலும் கீழ இருந்தாத்தான வரும். இருக்கறத பாத்து செலவு பண்ணுவோம். மொதல்ல நாம ஒக்காந்துகினு இருக்கற இந்தப் புல்லுக்கு நல்ல தண்ணி ஊத்தறத நிறுத்துங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். ஓசூரில் இருக்கும் மகன் வாங்கிப் போட்ட வீட்டில் தனியாக இருந்தாள். அவள் கூட்டத்தில் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"புல்லு காஞ்சி போச்சின்னா பாக்கவே நல்லாருக்காதேம்மா," என்றார் தெய்வசிகாமணி.

"காய வேணாங்க. நாம குளிக்கற தண்ணி, துணி அலசற தண்ணியெல்லாம் சாக்கடைக்குத்தான போவுது. அத்த ஒரு குழில வுட்டு, ஜல்லி மணலுல வடிய வச்சி, புல்லுக்குத் திருப்பி வுடுங்க. வண்டி கழுவறவங்க ஓஸ் பைப்ப வச்சிட்டு பக்கெட்ட எடுங்க. சொட்டற கொழாய மாத்துங்க."

அவள் சொன்னதில் புதுசு ஒன்றும் இல்லை. அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். தன் வீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்களோ என்று ஒவ்வொருவரும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒருத்தி சொல்லிவிட்டதும் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. அன்றைக்கே தண்ணீர்க் கமிட்டி என்று ஒன்று அமைத்து, அதற்குக் கொளஞ்சியம்மாளையே தலைவியாக்கிவிட்டார்கள்.

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம்தான். புருஷன் இருந்த காலத்தில் அவள் எதைச் சொன்னாலும் "ஒனக்கு இன்னா தெரியும்" என்று ஒரு வார்த்தையில் மூடிவிடுவார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பேச்சு, வீட்டில் அவர் பேச்சு, அப்புறம் மகன் பேச்சு. நாற்பது வீட்டு ஜனம் அவள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியது வாழ்க்கையில் முதல் தடவை.

வேலையில் அவள் குறை வைக்கவில்லை. வீடு வீடாகப் போனாள். குழாய்களின் கீழே டம்ளரை வைத்துச் சொட்டைப் பிடித்துக் காட்டினாள். குடிநீர் சுத்தம் பண்ணுகிற மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைப் பாத்திரம் தேய்க்கப் பிடித்துவைக்கச் சொன்னாள். பூங்கா ஓரத்தில் குழி வெட்டி, வீடுகளின் குளியல் தண்ணீரைக் கொண்டுவந்து வடியவைத்தார்கள். யார் வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிய வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தார்கள். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோதே டேங்க் தண்ணீர் மத்தியானம் வரைக்கும் நின்றது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும். சோப்புத் தண்ணீர் குடித்தும் புல் பச்சையாகவே இருந்தது. போகிற வருகிறவர்கள் "நம்ம தண்ணி மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு வீட்டு மீட்டர் மட்டும் அடங்கவில்லை. மூன்று வீட்டுத் தண்ணீரை அது ஒன்றே இழுத்தது. அது வெள்ளையன் வாத்தியார் வீடு.

வெள்ளையன் கல்வராயன் மலைக்காரர். அவர் ஊரில் முதன்முதலில் படித்து உத்தியோகத்துக்குப் போனவர். மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி பெருமாயியோடு இங்கே வந்து வீடு கட்டினார். குடியிருப்பில் மலைக்காரர்கள் அந்த இரண்டு பேர்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பூங்காவுக்கு வந்து செய்தித்தாள் படிப்பார். சங்க நோட்டீஸில் எழுத்துப்பிழை இருந்தால் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை. தைப் பொங்கலுக்கு அப்புறம் அவர் வெளியே வரவில்லை. கேட்டால் மூட்டுவலி என்றாள் பெருமாயி.

கொளஞ்சியம்மாள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பின்பக்கச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவர் மேல் சாமைக் களியும் மீன் குழம்பும் கைமாறும். அந்தக் குடியிருப்பில் கொளஞ்சியம்மாளைப் பேர் சொல்லி, வாடி போடி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் பெருமாயி.

"பெருமாயி, ஒங்க வூட்ல எங்கியோ பைப்பு லீக்காவுதுடி. ஆள வச்சிப் பாக்கணும்," என்றாள் ஒரு நாள், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று.

"லீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப மீட்டரு இந்த ஓட்டம் ஓடுதே, எப்படி?"

பெருமாயி அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "முன்பக்கமா வா. கதவு தெறக்கறேன்," என்றாள்.

உள்ளே போனதும் பினாயில் வாடை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறு வாடையும் இருந்தது. நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, வேட்டியும் போர்வையும் பழம்புடவைத் துண்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. மொட்டைமாடி வெயிலை விட்டுவிட்டு அறைக்குள் ஏன் காயப்போடுகிறாள் என்பது கொளஞ்சியம்மாளுக்குச் சொல்லாமலே புரிந்தது. உள் அறைக் கட்டிலில் வாத்தியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"தையிலேந்து இப்படித்தான்," என்றாள் பெருமாயி, குரலை இறக்கி. "மொதல்ல தெரிஞ்சி கூப்புடுவாரு. இப்ப தெரியறதில்ல. ஒண்ணுக்கும் அப்படியே, ரெண்டுக்கும் அப்படியே. சில நாளு காலைல நல்லா தெளிவா இருப்பாரு. அப்ப தன்ன பாத்துட்டு அழுவாரு. அதனாலதான் ஒடனுக்கு ஒடனே கழுவி, மாத்தி, அலசிப் போட்டுடறேன்."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"விழுப்புரம், பாண்டிச்சேரி எல்லாம் பாத்தாச்சி. மூளை சுருங்கிக்கினே வருதாம். இனிமே இதான்."

"ஒரு ஆள ஒத்தாசைக்கு வச்சிக்கலாமே."

"வச்சா ஊருக்குத் தெரிஞ்சிபூடும்." பெருமாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொளஞ்சி, இது ஒன்னோட இருக்கட்டும். இங்க இருக்கறவங்க எங்கள எப்படிப் பாக்கறாங்கன்னு ஒனக்குத் தெரியாது. குடி வந்த புதுசுல, மலைக்காரங்க வூட்டுப் பக்கம் போனா ஒரு வாடை அடிக்குதுன்னு பேசிக்கினாங்க. அன்னிக்கு எங்க வூட்ல ரசஞ்சோறு. அது அவரு காதுல வுழுந்துடுச்சி. அதுக்கப்பறம் அவரு இஸ்திரி போடாத சட்டையில வாசப்படி தாண்டினதில்ல. இப்ப இத்தக் கேட்டா இன்னா பேசுவாங்க?"

"என் வாயிலேந்து வராது," என்றாள் கொளஞ்சியம்மாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் தனசேகரன் எழுந்தான். கோர்ட்டில் எழுத்தராக வேலை. எதையும் நேர் செய்யாமல் விடமாட்டான். "எல்லாரும் கஷ்டப்பட்டு மிச்சம் புடிக்கிறோம். ஒரு வூடு மட்டும் தெறந்து வுட்டுக்கினு இருக்குது. அது யாரு வூடுன்னு எல்லாருக்கும் தெரியும். கமிட்டி இன்னா பண்ணப் போவுது?"

யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்: "மலையில ஓடற தண்ணில குளிச்சவங்க. அளவு இன்னா தெரியும் அவங்களுக்கு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பெருமாயி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனியவில்லை. கொளஞ்சியம்மாளை மட்டும் பார்த்தாள்.

கொளஞ்சியம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவங்களுக்கு அவசியம் இருக்குது, நான் பாத்துட்டேன், என்னை நம்புங்க" என்று சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது விட்டிருப்பார்கள். அது அவள் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சிநேகிதிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்? இத்தனை நாள் நியாயமாக நடந்துகொண்ட பேர் என்னாவது? தெய்வசிகாமணியின் புல்லையே அடக்கியவள் என்று பேர் வாங்கியவள் ஆயிற்றே.

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்," என்றாள். "யார் வூடு ஜாஸ்தி இழுக்குதோ அந்த வூட்டு லைன்ல ஒரு வால்வு வச்சி, காலைல ஒரு அரை மணி, சாயங்காலம் ஒரு அரை மணி வுடுவோம்."

கைதட்டினார்கள். பெருமாயி எழுந்து, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

கொளஞ்சியம்மாள் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். சட்டம் சட்டமாக இருக்கட்டும். தன் வீட்டுப் பங்கைப் பெருமாயிக்குக் கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, ரகசியமும் வெளியே போகாது, தன் பேருக்கும் பழுதில்லை. வால்வு வைத்த மறுநாள் மத்தியானம், ஆளரவம் அடங்கியதும், பின்சுவர் மேல் ஓஸ் பைப்பைப் போட்டு, "புடிடி" என்றாள். அந்தப் பக்கம் பைப்பை வாங்கிக்கொள்கிற கை தெரிந்தது. பேச்சு வரவில்லை.

தினமும் அப்படியே நடந்தது. கொளஞ்சியம்மாள் ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, அதே தண்ணீரில் கால்மிதியை அலசினாள். புடவையை இரண்டு நாள் கட்டினாள். வீட்டுத் தொட்டி மத்தியானத்தோடு வற்றிப்போகும். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கஷ்டத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டதற்கு இது ஈடாகிவிட்டதென்று அவளே முடிவு பண்ணிக்கொண்டாள். பெருமாயியும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். "இன்னிக்கு எழுந்து ஒக்காந்தாரு. ஒன் பேரு சொல்லி, அந்தம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு," என்றாள் ஒரு நாள்.

வைகாசி பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். கோர்ட்டுக்கு லீவு. தனசேகரன் மாடியில் வடகம் காயவைத்த துணியை மடிக்கப் போனவன் கீழே பார்த்தான். சுவர் மேல் பச்சை ஓஸ் பைப். இந்த முனையில் தண்ணீர்க் கமிட்டித் தலைவி. அவன் செல்போனில் படம் எடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். கீழே ஒரு வரி எழுதினான்: 'ஊருக்கு ஒரு சட்டம், கமிட்டிக்கு ஒரு சட்டம்.'

சாயங்காலத்துக்குள் பூங்காவில் ஜனம் கூடிவிட்டது. கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் போய் நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நாங்க கொழந்தைங்கள வாரத்துல ரெண்டு நாளு தலைக்கு ஊத்தறோம்," என்றாள் ஒருத்தி. "நீங்க வந்து டம்ளர வச்சி சொட்டு புடிச்சிக் காட்டினீங்க."

"அது என் வூட்டுப் பங்கு. நான் யார் தண்ணியையும் எடுக்கல."

"பங்கு மிச்சமானா டேங்க்ல இருக்கணும். சிநேகிதிக்குத் தாரை வாக்கறதுக்கா நாங்க மிச்சம் புடிச்சோம்?" என்றான் தனசேகரன்.

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். "பாவம், அந்தம்மாவுக்கு இன்னா தெரியும். நாமதான் பொறுப்ப குடுத்து பெரிய ஆளாக்கி வுட்டோம். வேற யாரையாவது போட்டுக்கலாம், வுடுங்க."

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை கொளஞ்சியம்மாளின் நெஞ்சில் எங்கேயோ போய் இடித்தது.

"எனக்கு இன்னா தெரியுமா?" என்றாள். "ஒங்க யாருக்காவது தெரியுமா, அந்த வூட்ல இன்னா நடக்குதுன்னு? வாத்தியாரு படுத்த படுக்கையா கெடக்கறாரு. ஒண்ணுக்கு ரெண்டுக்கு போறதுகூட தெரியல அவருக்கு. ஒரு நாளைக்கு எத்தினி தடவ அந்தப் பொம்பள அலசறா தெரியுமா? மாடில காயப்போட்டா நீங்க பாப்பீங்கன்னு வூட்டுக்குள்ள காயப்போடறா. அதுக்குத்தான் தண்ணி. அதுக்குத்தான் குடுத்தேன்."

தனசேகரன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான். குழந்தைகளைப் பற்றிச் சொன்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப் பாவமே, நமக்குத் தெரியாம பூடுச்சே," என்று ஒருவர் சொன்னார். தெய்வசிகாமணி எழுந்துவந்து கையைக் கூப்பினார். "மன்னிச்சிக்குங்கம்மா. ஒங்க மனசு யாருக்கும் வராது," என்றார்.

தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தாள் கொளஞ்சியம்மாள். தான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சொம்பை எடுத்து வாயில் வைத்தபோதுதான் தான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். "பெருமாயி, பெருமாயி" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது அணைந்தது.

மறுநாள் காலையில் தெய்வசிகாமணியே பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய் நின்று வால்வைக் கழற்ற வைத்தார். அதோடு நின்றிருக்கலாம். வாத்தியார் வீட்டுக்கு ஜனம் வர ஆரம்பித்தது. ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் பாட்டில். இரண்டிரண்டு பேராக வந்தார்கள். வந்தவர்கள் ஹாலோடு திரும்பவில்லை. "சார பாத்துட்டுப் போறோம்" என்று உள் அறை வரைக்கும் போனார்கள். வாசற்படியில் நின்று கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், தப்பென்று தோன்றி, இறக்கினார்கள். ஒருவர் பெரியவர்களுக்கான டயப்பர் மூட்டையை வாங்கிவந்து ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, "இது போட்டா அலசற வேலையே இல்ல. தண்ணியும் மிச்சம்," என்று விளக்கினார்.

அன்று வாத்தியாருக்குத் தெளிவான காலை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நோட்டீஸில் தான் திருத்திய பிழைகளுக்காகத் தன்னோடு சண்டை பிடித்த மனிதர்களையெல்லாம் அடையாளம் தெரிந்தது. கடைசி ஆளும் போன பிறகு, "யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். பெருமாயி, "தெரியல," என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் காலையில்கூடத் தெளியவில்லை.

இதெல்லாம் கொளஞ்சியம்மாளுக்கு எப்படித் தெரியுமென்றால், பெருமாயியே சுவரருகே வந்து சொன்னாள். ஜனம் வந்துபோன நாலாம் நாள் சாயங்காலம் அது. அழுகையோ கோபமோ இல்லாமல், ஒப்பித்துவிட்டுப் போகிற மாதிரி சொன்னாள்.

"நான் வேணும்னு சொல்லல பெருமாயி. அத்தினி பேரு மத்தியில என்ன நிக்க வச்சி..."

"தெரியும். ஒன்ன நிக்க வச்சி கேட்டாங்க. அன்னிக்கு கூட்டத்துல என்ன ஒக்கார வச்சி சிரிச்சாங்க. நான் வாயத் தெறக்கல."

"தண்ணி இல்லாம நீ கஷ்டப்படக்கூடாதுன்னுதான்..."

"தண்ணி வேணும்னா ரோட்ட தாண்டி எந்தக் கொல்லக் கெணத்துலேந்தாவது நான் தூக்கியாந்திருப்பேன் கொளஞ்சி. எனக்கு ஒடம்புல தெம்பு இருக்குது." பெருமாயி சுவரிலிருந்து கையை எடுத்தாள். "ஒங்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு."

ஒரு வாரத்தில் டெம்போ வந்தது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் ஏறின. வாத்தியாரை இரண்டு பேர் தூக்கிவந்து முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். பெருமாயி அவருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டிருந்தாள். வழியனுப்ப நிறையப் பேர் வந்தார்கள். எதற்கு மறுபடி மலைக்குப் போகிறீர்கள், அங்கே ஆஸ்பத்திரி வசதி கிடையாதே என்றார்கள். நல்ல காற்று என்றாள் பெருமாயி. கொளஞ்சியம்மாள் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போக வேண்டுமென்று கால் எடுத்தாள், போகவில்லை. டெம்போ திரும்பி மெயின் ரோட்டில் ஏறியது.

அந்த மாதக் கூட்டத்தில் தனசேகரன் சொன்னான்: "அந்த ஒரு வூடு காலியானதுல டேங்க் ராத்திரி வரைக்கும் நிக்குது. இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல." அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். எல்லோரும் ஆமாமென்றார்கள்.

ஆடி மாதம் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தார். ஊரே தண்ணீருக்கு அலையும்போது கழிவுத்தண்ணீரிலேயே புல்தரையை வளர்த்த குடியிருப்பு என்று எழுதப்போவதாகச் சொன்னார். அதற்காகப் பூங்காவில் சின்னதாக விழா வைத்தார்கள். தெய்வசிகாமணி கொளஞ்சியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். "வெறும் தண்ணீரை மட்டுமல்ல, மனிதநேயத்தையும் காப்பாற்றியவர்," என்று மைக்கில் பேசினார். ஒரு நோயாளி வீட்டுக்குத் தன் பங்குத் தண்ணீரை ரகசியமாகக் கொடுத்த கதையை விரிவாகச் சொன்னார். நிருபர் அதைக் குறித்துக்கொண்டார்.

"பேரு போடாதீங்க," என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஒங்க பேரு போடாம எப்படிம்மா?"

"என் பேர சொல்லல. அவங்க பேரு."

"அது இல்லாம செய்தி நிக்காதும்மா," என்றார் நிருபர். சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். படத்தில் கொளஞ்சியம்மாள் பொன்னாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மகன் ஓசூரிலிருந்து போன் பண்ணி, ஆபீஸில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னான். மகன் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மழை பிடித்துக்கொண்டு, போரில் தண்ணீர் ஏறி, மீட்டரை யாரும் எட்டிப் பார்க்காமல் போன பிறகு, ஐப்பசியில் ஒரு நாள் கொளஞ்சியம்மாள் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பழைய நூல்புடவைகளை மடித்து ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். வாத்தியாருக்கு உதவும். பஸ் கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறியபோது என்னென்ன சொல்ல வேண்டுமென்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். இறங்கி, வழி கேட்டு, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தாள்.

பெருமாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாங்க. நல்லா இருக்கீங்களா? பஸ்ல ஒக்கார எடம் கெடச்சிதுங்களா?"

கொளஞ்சியம்மாள் நடந்துவந்த வழியிலேயே நின்றுவிட்டாள். ஏண்டி இவ்வளவு நாள் வரலை என்று திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். எதுக்குடி வந்தே என்று கேட்டிருந்தாலும் விழுந்திருப்பாள். இந்த 'வாங்க'வுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "நல்லா இருக்கேன்," என்றாள்.

பாய் போட்டு உட்காரவைத்தாள் பெருமாயி. கடுங்காப்பி கொடுத்தாள். மழை நன்றாகப் பெய்ததா, மகன் வந்துபோனானா என்று விசாரித்தாள். புடவைப் பையை வாங்கி, "எதுக்குங்க இதெல்லாம்," என்று ஓரமாக வைத்தாள். பத்திரிகையில் வந்த செய்தியைப் பற்றிக் கேட்கவில்லை. பார்த்தாளா இல்லையா என்றும் தெரியவில்லை.

"வாத்தியாரு?"

"உள்ள இருக்காரு. பாருங்க."

இருட்டான அறை. கயிற்றுக் கட்டிலில் அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். துணியெல்லாம் சுத்தமாக இருந்தது. கொளஞ்சியம்மாள் அருகே போய், "சார்," என்றாள். அவர் பார்த்தார். ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆனால் யாரோ வெளியாள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்தது. போர்வையைத் தேடிப் பிடித்து, இழுத்து இழுத்து இடுப்பை மூடினார். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை. அவள் வெளியே வந்துவிட்டாள்.

பெருமாயி இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு நின்றாள். சரிவுக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒரு குழாய் இருக்கிறதாம். நாளுக்குப் பல நடை.

"ஒண்ண குடு, நானும் வரேன்," என்று கையை நீட்டினாள் கொளஞ்சியம்மாள்.

"வேணாங்க. மழையில பாதை வழுக்கும். ஒங்களுக்குப் பழக்கம் இல்ல."

எதிரே ஒரு பெண் நிறைகுடத்தோடு மேலே ஏறிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போலிருக்கிறது. புது ஆளைப் பார்த்து நின்று, "யாரு பெருமாயி, ஒறவா?" என்று கேட்டாள்.

"இல்ல. கீழ இருந்தப்ப பக்கத்து வூட்டுக்காரங்க," என்றாள் பெருமாயி. பிறகு கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பி, "தோ வந்துடறேன், ஒக்காருங்க. இருந்து சாப்புட்டுப் போலாம்," என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினாள்.

கொளஞ்சியம்மாள் கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டில் கயிறு லேசாக முனகியது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. காப்பி டம்ளரைக் கழுவப் போனவள், வாசலில் இருந்த தொட்டியில் அடிமட்டம் தண்ணீர்தான் கிடப்பதைப் பார்த்து, கழுவாமலே கவிழ்த்துவைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள்.